ஆய்வுகூடமும் தன்னம்பிக்கையும்

கல்வியின் பயன் யாது என வினவுவார்க்கு, அறிவு என்றும் ஒழுக்கம் என்றும் தொழில் என்றும் பலர் பலவாறு விடை கூறுவர். இவை யாவும் ஏற்கத்தக்கனவே. ஆயினும் இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு பயனும் உண்டு. "இக்கருமம் என்னால் இயலும்" என மாணாக்கன் தன்னைத் தான் அறிந்துகொள்ளும் உள்ளத்து உறுதியே அது. அதனைத் தன்னம்பிக்கை என வழங்குகின்றோம். விஞ்ஞானக் கல்வி அவ்வுறுதியை எவ்வாறு தோற்றுவிக்கின்றது, எவ்விடத்தில் தோற்றுவிக்கத் தவறுகின்றது என்பவற்றை விழா மலர் வாசகர்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தன்னம்பிக்கையையும் செருக்கையும் ஒன்றெனக் கொள்வாரும் உளர். வகுப்பில் எனக்குக் கீழே எத்தனை பேர் என எண்ணி மகிழ்வது செருக்கு. எடுத்த கருமம் எத்தகையது, அதனை முடிக்க என்பால் உள்ள வலி எவ்வளவு என அளந்து துணிவது தன்னம்பிக்கை. திருவள்ளுவர் வலியறிதல், ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்களை வேறு வேறாக வகுத்தமை இங்குச் சிந்திக்கற்பாலது. தன் வலியை அளந்தறிதல், உள்ளம் தளராதிருத்தல், இடைவிடாது முயலுதல் என்னும் இம்மூன்றும் கூடியவிடத்தே உண்மையான தன்னம்பிக்கை நிலைபெறும்.

தமிழாசிரியர் ஒருவர் விஞ்ஞானக் கல்வியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் மாணாக்கனுடைய உள்ளத்து உறுதி முதன்முதல் வெளிப்படுவது அவனுடைய பேச்சிலேயாம். தமிழ்ப் பாடவேளையில் எழுந்து நான்கு வாக்கியம் சொல்ல நாணும் சிறுவன், கல்லூரிக் கண்காட்சியிலே தான் அமைத்த மின்சுற்றின் அருகில் நின்று, வருவோர் போவோர்க்கெல்லாம் அதன் இயல்பைத் தடையின்றி எடுத்துரைத்தலை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். அவன் நாவைத் திறந்தது இலக்கணப் பயிற்சியன்று. தன் கையால் செய்த பொருள் இயங்குகின்றது என்னும் தெளிவே அவனைப் பேச வைத்தது. அத்தெளிவு எங்கிருந்து வருகின்றது என்பது மொழி கற்பிப்போரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும்.

விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்னும் நான்கையும் தனித்தனியே பிரிக்காது, ஒன்றோடொன்று பிணைத்துச் செயல்வழியாகக் கற்பிக்கும் முறையை இந்நாளில் "ஸ்டெம்" கல்வி என்பர். பெயர் புதிது, கருத்து அத்துணைப் புதிதன்று. பார்த்தல், அளத்தல், செய்தல், பிழை கண்டவிடத்துத் திருத்தல் என்னும் நான்கும் இம்முறையின் உயிர்நாடி எனலாம்.

ஒருவனுக்குத் தன் ஆற்றலில் நம்பிக்கை எவ்வாறு உண்டாகின்றது என்பதை உளவியலறிஞர் அல்பேட் பண்டுரா 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில் வகுத்துரைத்தார். அவர் கூறும் வழிகள் நான்கு. தானே ஒரு கருமத்தைச் செய்து முடித்த அனுபவம் முதலாவது. தன்னை ஒத்தவர் செய்து முடிப்பதைக் கண்ணாற் காணுதல் இரண்டாவது. பிறர் கூறும் ஊக்க மொழி மூன்றாவது. அச்சம், பதற்றம் முதலிய உடல் உள்ள நிலைகளைத் தான் எவ்வாறு பொருள்கொள்கின்றான் என்பது நான்காவது. இந்நான்கனுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் துணிபு. நாமோ மூன்றாவதையே பெரிதும் நம்பி, "நீ கெட்டிக்காரன், உன்னால் முடியும்" எனப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றோம். சொல் வேண்டற்பாலதே. ஆயின் செயலின் துணையில்லாத சொல் நெடுநாள் நிலைக்காது.

செயல் எவ்வாறு நம்பிக்கையாக மாறுகின்றது என்பதை ஓர் எளிய பரிசோதனை கொண்டு விளக்கலாம். நூலிலே சிறிய உலோகக் குண்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் அலைவுக் காலத்தை அளந்து, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் எளிய ஊசற் பரிசோதனையைப் பழைய மாணவர் பலரும் மறந்திரார். நூலின் நீளம் 50 சென்ரிமீற்றர் எனக் குறித்துக்கொண்ட மாணாக்கன், இருபது அலைவுகளுக்கு 28.7 செக்கன் செல்வதைக் காண்கின்றான். கணித்துப் பார்க்கும்போது அவனுக்குக் கிடைக்கும் விடை 9.59. நம் நாட்டில் அப்பெறுமானம் ஏறத்தாழ 9.78 ஆக இருத்தல் வேண்டும் என்பதை அவன் அறிவான். எங்கோ தவறு நேர்ந்திருக்கின்றது.

இந்த இடத்தில் ஆசிரியர் செய்வதே யாவற்றையும் முடிவு செய்கின்றது. "தவறு, திரும்பச் செய்" எனச் சொல்லி அகன்றால் மாணாக்கன் அடுத்த மேசைக்காரனின் விடையைப் பார்த்து எழுதிவிடுவான். "நீ எங்கிருந்து எதுவரை அளந்தாய்?" என ஒரு வினாவை மட்டும் விடுத்து விலகி நின்றால், அவன் தான் செய்தவற்றையெல்லாம் மனத்தில் மீட்டுப் பார்ப்பான். நூலின் நுனியிலிருந்து குண்டின் மேல்விளிம்பு வரையுமே தான் அளந்ததும், குண்டின் மையம் வரை அளந்திருக்க வேண்டியதும் அப்போது அவனுக்குப் புலப்படும். குண்டின் ஆரையாகிய 1 சென்ரிமீற்றரைக் கூட்டி 51 எனக் கொண்டு மீளக் கணித்தால் விடை 9.78 ஆக வந்து நிற்கும். அவ்வேளையில் அவன் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை எந்தப் பாராட்டுரையாலும் உண்டாக்க முடியாது. ஏனெனில் அவன் சரியென்பதற்குச் சான்று ஆசிரியரின் சிவப்பு மையன்று. இயற்கையே அவனுக்குச் சான்று கூறிற்று. தவறு எங்கே நேர்ந்தது என்பதையும் அவனே கண்டான். அதனைத் திருத்தியவனும் அவனே. இனியொரு தவறு நேர்ந்தாலும் அதனைத் தேடிக் காணலாம் என்னும் துணிவு அவனுக்குப் பிறந்துவிட்டது.

இரசாயன ஆய்வுகூடத்தில் நிகழும் நியமிப்பும் இவ்வாறே ஒரு பாடம் புகட்டுகின்றது. கூம்புக் குடுவையிலுள்ள அமிலத்தில் பினோத்தலீன் காட்டியின் சில துளிகளை இட்டு, அளவியிலிருந்து காரத்தைச் சிறிது சிறிதாக விடும்போது, முடிவுப் புள்ளியை அண்மிய பின் ஒரு துளி கூடினாலும் இளஞ்சிவப்பு நிறம் கடுஞ்சிவப்பாகிவிடும். முதன்முறை செய்யும் மாணாக்கர் பெரும்பாலும் எல்லை கடந்துவிடுவர். அதற்காக எவரும் அவர்களை நகையாடுவதில்லை. முதல் வாசிப்பை அண்ணளவானதெனக் கொண்டு, பின்னர் ஒன்றோடொன்று ஒத்துவரும் வாசிப்புகள் கிடைக்கும் வரை மீளச் செய்தல் அப்பரிசோதனையின் ஒழுங்கிலேயே அடங்கியுள்ளது. பரீட்சை மண்டபத்தில் தவறு என்பது இழந்த புள்ளி. ஆய்வுகூடத்தில் அது அடுத்த முயற்சிக்கு வழிகாட்டி. தவறுவதற்கும் இடமுண்டு என்பதை அறிந்த பிள்ளைக்கே முயலும் துணிவு வரும். பண்டுரா நான்காவதாகக் கூறிய பதற்றமும் இவ்வாறே தணிகின்றது. கை நடுங்கினும் வேலை நடக்கும் என்பதை அவன் கையே அவனுக்குக் கற்பித்துவிடுகின்றது.

நிற்க. தன்னை ஒத்தவர் செய்வதைக் காணும் இரண்டாவது வழியை ஆராய்வோம். விஞ்ஞானத்தைச் சிறப்பாகக் கற்பிக்கும் பாடசாலைகளின் ஆற்றல் இவ்விடத்திலேயே மிகுதியும் புலனாகின்றது. நியூயோர்க் நகரிலே 1938ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புரொங்ஸ் விஞ்ஞான உயர்நிலைப் பாடசாலை இதற்கு உலகறிந்த உதாரணம். தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் அரசினர் பாடசாலை அது. தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே பயின்ற அப்பாடசாலை 1946இல் பெண்களுக்கும் தன் கதவைத் திறந்தது. அங்குப் பயின்று வெளியேறியவர்களுள் ஒன்பதின்மர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர். அவருள் எழுவர் பௌதிகவியலுக்காகப் பெற்றவர்கள். ஷெல்டன் கிளாஷோ, ஸ்டீவன் வைன்பேர்க் என்னும் இருவரும் 1950இல் அப்பாடசாலையிலிருந்து ஒருங்கே வெளியேறிய வகுப்புத் தோழர்கள். 1979ஆம் ஆண்டின் பௌதிகவியற் பரிசையும் அவர்கள் ஒருங்கே பெற்றனர். அறிவார்ந்த தோழனொருவன் பக்கத்து மேசையில் இருந்து அரிய கணக்கொன்றைச் செய்து முடிக்கக் காணும் பிள்ளை, "இதுவும் மனிதரால் இயல்வதே, ஆகவே என்னாலும் இயலும்" என எண்ணத் தலைப்படுகின்றது.

அதே பாடசாலையில் பயின்ற குளோடியா கோல்டின் அம்மையாரின் வாழ்க்கை வேறொரு செய்தியை உணர்த்துகின்றது. நுண்ணுயிரியல் பயிலும் விருப்போடு பல்கலைக்கழகம் புகுந்த அவர், அங்கே பொருளியலின்பால் ஈர்க்கப்பட்டு அத்துறைக்கு மாறினார். தொழிற் களத்தில் பெண்களின் நிலையைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து 2023ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். விஞ்ஞானப் பாடசாலையில் பயின்றோர் யாவரும் விஞ்ஞானியாதல் வேண்டுமென்பதில்லை. சான்று தேடும் பழக்கமும் தன் ஆய்வில் நம்பிக்கையும் எத்துறைக்குச் சென்றாலும் உடன் செல்லும்.

ஆனால் இப்பெயர்களைக் கேட்டு, "அது நியூயோர்க், இது நம் ஊர்" எனப் பெருமூச்செறிய வேண்டியதில்லை. 1979இல் அவ்விருவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட மூன்றாமவர் அப்துஸ் சலாம். அவர் பஞ்சாப்பின் ஜங் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். மேனாட்டில் உயர்கல்வி முடித்து 1951இல் லாகூருக்குத் திரும்பிக் கற்பித்தபோது, தம் துறையில் உசாவிப் பேச ஒருவருமின்றித் தனிமையுற்றார். 1954இல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். பின்னர் 1964இல் இத்தாலியின் திரியெஸ்ட் நகரில் அனைத்துலகக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையத்தை நிறுவி, வறிய நாட்டு விஞ்ஞானிகள் அங்கு வந்து பிறரோடு கூடி ஆராய வழி செய்தார். ஆற்றல் எங்கும் பிறக்கும். அது தனிமையில் வாடும், தோழமையில் தழைக்கும் என்பதை அவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். பாடசாலை ஒவ்வொன்றும் தன்னளவில் அத்தோழமையை அமைத்துக் கொடுக்கலாம்.

இனி மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. புரியாத மொழியில் விடையை மனனம் செய்ய இயலும். வினாவை எழுப்ப இயலாது. வினாவின்றித் தன்னம்பிக்கை இல்லை. இதனை இம்மண்ணில் செயலால் நிறுவிக் காட்டிய ஒருவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிஷனைச் சார்ந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1873இல் நாடு திரும்பும் வரை பெரும்பாலும் மானிப்பாயில் இருந்து மருத்துவம் செய்தார். அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞரை மருத்துவராகப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் தமிழைக் கற்றுத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். தம்மிடம் பயின்றவர் கிராமங்களிலேயே தங்கி மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவர் கருத்து. மேனாட்டு மருத்துவ, இரசாயன நூல்களைத் தமிழாக்குவதற்காக ஆயிரக்கணக்கான கலைச்சொற்களை அவரும் அவர் மாணாக்கரும் ஆக்கினர். கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். சமய நெறியில் இருவரும் எதிரெதிர்க் கரையினர். ஆயினும் தமிழ் உரைநடையால் எப்பொருளையும் தெளிவுறச் சொல்ல இயலும் என்பதை ஒருவர் சைவப் பாடசாலையிலும் மற்றவர் மருத்துவசாலையிலும் மெய்ப்பித்தனர். ஒரு மொழிக்குத் தன்னம்பிக்கை உண்டானால், அதனைப் பேசும் பிள்ளைக்கும் அது உண்டாகும்.

இன்று நம் பிள்ளைகள் ஒளித்தொகுப்பு, ஆவியாதல், நுணுக்குக்காட்டி, ஆர்முடுகல் என்னும் சொற்களை இயல்பாக வழங்குகின்றனர். ஒளித்தொகுப்பு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே, ஒளியைக் கொண்டு எதனையோ தொகுக்கும் செயல் என அதன் பொருளிற் பாதி விளங்கிவிடுகின்றது. எஞ்சிய பாதியைப் பிள்ளை தானே வினவும். பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதால் அங்குச் செல்லும் மாணவர் தொடக்கத்தில் இடர்ப்படுவது உண்மையே. ஆதலால் பாடசாலையிலேயே ஆங்கிலச் சொற்களையும் உடன் பயிற்றுதல் நலம். எனினும் கருத்தைத் தாய்மொழியில் திண்ணமாகப் பற்றியவனுக்குப் புதிய மொழி சில மாதங்களின் சுமை. கருத்தே விளங்காதவனுக்கு எம்மொழியும் சுமைதான்.

இதுகாறும் நன்மைகளைக் கூறினோம். மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. ஊரிலே முதல்வனாக விளங்கிய பிள்ளை, முதல்வர்களே நிறைந்த பாடசாலையில் சேர்ந்ததும் தன்னை இருபதாவதாகக் காண்கின்றது. அதன் அறிவு குறையவில்லை. ஒப்பிடும் அளவுகோல் மாறிவிட்டது. தேர்ந்தெடுத்த மாணவரிடையே பயில்வோர், அதே திறமையோடு சாதாரண பாடசாலையில் பயில்வோரைக் காட்டிலும் தம் கல்வித் திறனைத் தாழ்வாக மதிக்கும் இயல்பினர் என்பதைக் கல்வி உளவியலறிஞர் ஹேர்பேட் மார்ஷ் 1987ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பின்வந்த ஆய்வாளர் பலநாடுகளிலும் இதனைக் கண்டுள்ளனர். ஆகவே புகழ்பெற்ற பாடசாலையில் இடம் கிடைத்தமை மட்டும் தன்னம்பிக்கை தாராது. தரவரிசைப் பட்டியலையே பெரிதாகப் பேசும் பாடசாலை, ஒருவனுக்கு நம்பிக்கையளித்து முப்பதின்மரிடமிருந்து அதனைப் பறித்துவிடுகின்றது. சென்ற தவணையில் தான் செய்ய இயலாததை இத்தவணையில் செய்ய இயல்கின்றதா என ஒவ்வொரு பிள்ளையும் தன்னோடு தன்னை ஒப்பிடும் பழக்கத்தை வளர்ப்பதே இதற்கு மருந்து.

நம்மிடையே வேறொரு குறையும் வேரூன்றியுள்ளது. உயர்தர வகுப்பில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் சேர்ந்தோர் மேலோர் என்றும், கலைப் பிரிவில் சேர்ந்தோர் வேறு வழியற்றோர் என்றும் வீட்டாரும் ஊராரும் எண்ணுகின்றனர். தமிழையும் வரலாற்றையும் விரும்பிக் கற்க வந்த பிள்ளை இதனால் கூனிக் குறுகுதலைத் தமிழாசிரியர் அறிவர். அதுபோலவே, விருப்பமின்றி மருத்துவக் கனவைச் சுமந்துகொண்டு தனியார் வகுப்புக்கு வகுப்பாக ஓடி, ஆய்வுகூடக் கதவைத் திறவாமலே விடைகளை மனனம் செய்யும் பிள்ளையும் இரங்கத்தக்கதே. பிரிவின் பெயரால் வரும் பெருமிதம் பெறுபேறு வெளியாகும் நாள் வரை மட்டுமே நிற்கும்.

நாட்டின் நிலையையும் நோக்குவோம். சீ. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மத்திய கல்லூரிகள் நாட்டுப்புறங்களிலும் எழுந்தன. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் சேர்க்கப்பட்டது. இவ்வளவு நடந்தும், பத்தாயிரத்தை அண்மிய அரசினர் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட 1ஏபி வகைப் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. 1சி வகைப் பாடசாலையில் பயிலும் சிறுமிக்கு விஞ்ஞானத்தில் எத்துணை விருப்பம் இருப்பினும், உயர்தரத்தில் அதனைக் கற்க வேறு பாடசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பேருந்து வசதியோ விடுதி வசதியோ இல்லையேல், "எனக்கு விஞ்ஞானம் வராது" எனத் தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள். வராதது விஞ்ஞானமன்று, அவள் ஊருக்கு ஆய்வுகூடமே வந்து சேரவில்லை.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்வோம். பழைய மாணவர்கள் கல்லூரிக்குக் கட்டடங்களையும் கருவிகளையும் வாரி வழங்கி வந்துள்ளனர். அதற்கு நாம் கடப்பாடுடையோம். கட்டடம் ஒருமுறை எழுப்பினால் நிற்கும். சோதனைக்குழாய் உடையும், இரசாயனப் பொருள் தீரும், மின்கலம் வலுவிழக்கும். புதிய கருவியைப் பூட்டி வைத்துக் காக்கும் ஆய்வுகூடத்தைக் காட்டிலும், பழைய கருவி பல கைகளிற் புழங்கும் ஆய்வுகூடமே பிள்ளைகளுக்குப் பயன்படும். ஆண்டுதோறும் தேய்ந்தும் உடைந்தும் போவனவற்றை ஈடு செய்ய ஒரு நிலையான நிதியும், மாலை வேளைகளில் ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்திருக்க ஓர் உதவியாளரும் அமைவாராயின், அதுவே விழா ஆண்டின் மேலான நினைவுச் சின்னமாகும். அயலிலுள்ள சிறிய பாடசாலைப் பிள்ளைகளும் மாதம் ஒருமுறை அங்கு வந்து தம் கையால் பரிசோதனை செய்து செல்ல வழி பிறத்தல் வேண்டும். வெளிநாடுகளிலும் கொழும்பிலும் பணியாற்றும் பழைய மாணவர் ஊருக்கு வரும்போது, பொன்னாடையோடு மேடையில் அமர்வதற்குப் பதிலாக, ஒரு பிற்பகல் மாணவரோடு ஆய்வுகூட மேசையில் அமர்வாராக. தாம் பரிசோதனையில் பட்ட இடர்களையும் அவற்றிலிருந்து மீண்ட வகையையும் அவர்கள் கூறுவது, பெற்ற பட்டங்களைக் கூறுவதிலும் பெரும்பயன் தரும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமையுண்டு. விடையை விரைந்து கூறிவிடும் ஆவலை அடக்கி, பிள்ளை தானே தவறைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். பாடத்திட்டம் முடிய வேண்டுமே என்னும் அவசரத்தில் இது எளிதன்று. ஆயினும் தவணைக்கு ஓரிரு பரிசோதனைகளிலேனும் இவ்வாறு பொறுப்போமாயின் பலன் கைமேற் கிடைக்கும். பரிசோதனை அறிக்கையைச் செம்மையாக எழுதப் பழக்குவதில் தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரோடு கைகோத்தல் தகும். கண்டதைக் கண்டவாறே, கூட்டாமலும் குறையாமலும் எழுதுவதிலும் சிறந்த உரைநடைப் பயிற்சி வேறில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுள் மருத்துவராவார் சிலர், பொறியியலாளராவார் சிலர், வயலிலும் கடலிலும் கடையிலும் அலுவலகத்திலும் உழைப்பார் பலர். யாவருக்கும் வாழ்வில் ஒருநாள் எதிர்பார்த்த விடை வாராது போகும். அன்று அடுத்த மேசையைப் பார்த்து எழுத எவரும் இரார். அப்போது அஞ்சாது, எங்கிருந்து எதுவரை அளந்தோம் என நிதானமாகத் திரும்பிப் பாருங்கள். பிழையைக் கண்டு திருத்தும் அப்பழக்கத்தைக் கல்லூரி ஆய்வுகூடத்தில் இன்றே கைக்கொள்ளுங்கள். அதன் கதவு திறந்தே இருக்குமாறு பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.